நாள் கட்டணம்: சம்பளத்தை வகுத்தால் ஏன் சரியாக வராது?

வேலையை விட்டுவிட்டு ஒப்பந்தத்தில் தனியாக வேலை செய்யப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த நிமிடமே பக்கத்தில் இருப்பவர் ஒரு கணக்குச் சொல்லிவிடுவார். "வருஷச் சம்பளத்தை வேலை நாளால வகுத்துக்கோ, மேல கொஞ்சம் சேர்த்துக்கோ, அவ்வளவுதான்." இன்னொருவர் இரண்டு மடங்கு கேள் என்பார். மூன்றாமவர், கொடுக்க ஆள் இருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம் என்பார். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ஏன் அந்த எண் என்று யாரும் சொல்வதில்லை. காரணம் தெரியாமல் ஒரு எண்ணைச் சொன்னால், எதிரில் இருப்பவர் "கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்றதும் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போய்விடும்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு நாளைக்கு எவ்வளவு என்று தொலைபேசியில் கேட்டார்கள், சம்பளத்தை மனக்கணக்காக வகுத்து, கால் பங்கு சேர்த்துச் சொன்னேன், உடனே சரி என்றார்கள். வருட முடிவில் கையில் நின்றது பழைய சம்பளத்தைவிடக் குறைவு. அந்த வருடம் வேலைக்குப் பஞ்சமே இல்லை, அதனால்தான் அது அவ்வளவு வலித்தது. அந்தக் கணக்கு எங்கே சறுக்குகிறது என்பதைத்தான் அடியிலிருந்து சொல்லப் போகிறேன்.

வீட்டு வாடகையும் ஹோட்டல் அறையும்

ஒரு வீட்டை மாத வாடகைக்கு எடுக்கிறோம். ஏறக்குறைய அதே வசதியுள்ள ஹோட்டல் அறையை ஓர் இரவுக்கு எடுக்கிறோம். வீட்டு வாடகையை 30-ஆல் வகுத்து, அந்தத் தொகைக்கு அறை கொடுங்கள் என்று யாரும் ஹோட்டலில் போய்க் கேட்பதில்லை. வீட்டுச் சொந்தக்காரருக்கு மாதம் முழுவதற்கும் வாடகை நிச்சயம். ஹோட்டல் அறை சில இரவுகள் காலியாகக் கிடக்கும். காலியாகக் கிடந்தாலும் பணியாளர் சம்பளம், மின்சாரம், பராமரிப்பு எதுவும் நிற்காது, அந்தச் செலவையெல்லாம் ஆள் தங்கிய இரவுகள்தான் சுமக்க வேண்டும். அப்புறம் துப்புரவு, படுக்கை விரிப்பு, முன்பதிவு என்று வீட்டில் குடியிருப்பவர் தானே பார்த்துக்கொள்கிற வேலைகள் எல்லாம் ஹோட்டலின் பொறுப்பு.

சம்பள வேலை அந்த மாத வாடகை வீட்டைப் போன்றது. விடுமுறை நாளுக்கும், காய்ச்சலில் படுத்த நாளுக்கும், அலுவலகத்தில் பெரிதாக வேலையே இல்லாத வாரத்துக்கும் சம்பளம் வந்துகொண்டே இருந்தது. ஒப்பந்தத்துக்கு மாறியதும் நீங்கள் ஹோட்டல் அறை ஆகிவிடுகிறீர்கள். காலி இரவுகளும் உங்களுடையவை, துப்புரவும் உங்களுடையது.

நாள் கட்டணம் என்பது ஒரு கிளையன்டுக்காக ஒரு முழு நாள் வேலை செய்ததற்கு நீங்கள் இன்வாய்ஸில், அதாவது பணம் கேட்டு அனுப்பும் பில்லில், எழுதும் தொகை. அது ஒரு சிறு தொழிலின் வரவு. உங்கள் சம்பளம் அந்த வரவுக்குள் ஒரு பகுதி மட்டும்தான். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதிலிருந்துதான் மற்ற எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது.

முதல் சறுக்கல்: எத்தனை நாளால் வகுப்பது

ஒரு வருடத்தில் 365 நாள். வாரத்துக்கு இரண்டு நாள் ஓய்வு என்றால் 52 வாரத்துக்கு 104 போய்விடும், மிச்சம் 261. பெரும்பாலானவர்கள் இந்த இடத்திலேயே நின்று வகுத்துவிடுகிறார்கள்.

இன்னும் கழிக்க வேண்டியது இருக்கிறது. பொது விடுமுறைக்கு ஒரு 10 நாள், உங்கள் சொந்த விடுப்புக்கு 20 நாள், உடம்பு முடியாமல் போவதற்கு 6 நாள் என்று வையுங்கள். இவை எடுத்துக்காட்டு எண்கள்தான், உங்கள் ஊர் வழக்கப்படியும் உடம்பின்படியும் மாற்றிக்கொள்ளலாம். இப்போது 225.

இந்த 225 நாளில் எல்லா நாளுக்கும் பணம் வராது. புது வேலை தேடுவது, பேச்சுவார்த்தைக்குப் போவது, வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று மதிப்பீடு எழுதுவது (அதில் பாதி வேலையாக மாறாது), இன்வாய்ஸ் அனுப்புவது, பணம் வராவிட்டால் துரத்துவது, கணக்கு எழுதுவது, தொழிலில் புதிதாக வந்ததைக் கற்றுக்கொள்வது எல்லாம் வேலைதான். ஆனால் எந்தக் கிளையன்டும் இதற்குப் பணம் தருவதில்லை. பல சிறு வேலைகளாக எடுத்துச் செய்பவருக்கு ஐந்தில் ஒரு நாள் இதற்கே போகும் என்று எடுத்துக்கொள்வது நியாயமான தொடக்கம். அது 45 நாள், மிச்சம் 180. ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் விழுகிற இடைவெளிக்கு 20 நாள் கழித்தால் 160.

இந்த 160-க்குப் பெயர் கட்டண நாட்கள், அதாவது இன்வாய்ஸில் ஏறுகிற நாட்கள். 261-க்கும் 160-க்கும் இருக்கும் தூரத்தைப் பாருங்கள். முதல் வருடத்தில் இந்த எண் இன்னும் குறையத்தான் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் உங்களைத் தெரிந்தவர்கள் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருப்பார்கள்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: வருடத்துக்கான பணம் முழுவதையும் கட்டண நாட்கள்தான் சம்பாதிக்க வேண்டும். அதனால் வகுக்க வேண்டியதும் அந்த எண்ணால்தான்.

இரண்டாம் சறுக்கல்: எதை வகுப்பது

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காக வருடச் சம்பளம், வரி பிடிப்பதற்கு முன், 26,100 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் சரி, விகிதம்தான் முக்கியம். வழக்கமான கணக்குப்படி 261-ஆல் வகுத்தால் நாளைக்கு 100. கால் பங்கு சேர்த்தால் 125, கேட்கும்போது தாராளமாகத்தான் தோன்றும். ஆனால் 160 கட்டண நாளுக்கு 125 வீதம் வருவது 20,000. எந்தச் செலவையும் கழிப்பதற்கு முன்பே பழைய சம்பளத்தில் 6,100 குறைகிறது.

அதோடு, மாதச் சம்பளச் சீட்டில் தெரிகிற தொகை மட்டும் நிறுவனம் உங்களுக்காகச் செலவழித்தது இல்லை. ஓய்வூதியத்துக்கு அவர்கள் பங்கு போட்டிருப்பார்கள், மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடுத்திருப்பார்கள், போனஸ் வந்திருக்கும், பயிற்சிக்கு அனுப்பியிருப்பார்கள். இனி இவற்றை நீங்களே ஈடுகட்ட வேண்டும். அதற்கு 3,900 என்று வைப்போம்.

அடுத்து தொழிலை நடத்தும் செலவு. கணினி, மென்பொருள் சந்தா, தொலைபேசி, இணையம், கணக்காளர் கட்டணம், தொழில்முறைக் காப்பீடு, உட்கார்ந்து வேலை செய்ய ஓர் இடம். எந்தக் கிளையன்டும் இல்லாவிட்டாலும் நடந்துகொண்டே இருக்கிற இந்த மாதிரிச் செலவுக்கு ஓவர்ஹெட் என்று பெயர். கணினி போன்ற பெரிய பொருளை வாங்கிய வருடத்திலேயே முழுதாக ஏற்ற வேண்டியதில்லை, மூன்று வருடம் உழைக்கும் என்றால் வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு. மொத்தம் 3,000 என்று வைக்கலாம்.

கடைசியாக, கைக்காவல், அதாவது எதிர்பாராததற்கு ஒதுக்கி வைக்கிற பணம். ஒரு கிளையன்ட் பணத்தை இழுத்தடிப்பார், ஒருவர் தராமலே போவார், பேசி முடித்த வேலை பாதியில் நிற்கும். அதற்கு 2,200. இதைப் பேராசை என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள்தான் முதல் தடவை பணம் தாமதமாகும்போதே மீண்டும் சம்பள வேலை தேட வேண்டிய நிலைக்கு வருகிறார்கள்.

26,100, 3,900, 3,000, 2,200. கூட்டினால் 35,200. அதை 160-ஆல் வகுத்தால் 220.

ஓர் எச்சரிக்கை: விடுப்பை நாட்கள் பக்கத்தில் ஏற்கெனவே கழித்துவிட்டோம். "விடுப்புச் சம்பளம்" என்று பணத்தின் பக்கத்திலும் மறுபடி ஏற்றினால் ஒரே விஷயத்தை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். எதையும் ஒரு பக்கத்தில்தான் வைக்க வேண்டும்.

ஆக, நாளைக்கு 100 என்று தோன்றியது 220 ஆகிறது. இரண்டு மடங்கு கேள் என்று சொன்ன நண்பர் ஏறக்குறைய சரியாகத்தான் சொன்னார், காரணம் மட்டும்தான் அவருக்குத் தெரியவில்லை.

இது கேட்கிற விலை அல்ல

இந்த 220-ஐ நான் தரைவிலை என்பேன், இதற்குக் கீழே போனால் பழைய வேலையில் இருந்ததைவிட மோசம் என்று காட்டும் கோடு. கிளையன்டுக்கு உங்கள் தரைவிலை ஒரு பொருட்டே இல்லை. உங்கள் வேலையால் அவருக்கு என்ன கிடைக்கிறது, அதே வேலையை மற்றவர்கள் எவ்வளவுக்குச் செய்கிறார்கள் என்றுதான் பார்ப்பார். அதனால் அதே துறையில் ஒப்பந்தத்தில் இருக்கும் நான்கைந்து பேரிடம் நேராகக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். சந்தையில் 300 போகிறது என்றால் 220 கேட்பது உங்களுக்கும் நல்லதில்லை, உங்களோடு இருப்பவர்களுக்கும் நல்லதில்லை.

சந்தை 170-இல்தான் இருக்கிறது என்றால்? அப்போது கணக்கைப் பொய்யாகச் சரிக்கட்டக் கூடாது. ஓவர்ஹெட்டைக் குறைக்க முடியுமா, கட்டண நாட்களைக் கூட்ட முடியுமா, அதிக மதிப்புள்ள வேறு வகை வேலைக்கு நகர முடியுமா என்று பார்க்கலாம். எதுவும் முடியாவிட்டால் இப்போதைக்கு வேலையை விடாமல் இருப்பதுதான் சரியான முடிவு. ராஜினாமா கடிதம் எழுதுவதற்கு முன்பே இது தெரிந்துவிட்டது நல்ல விஷயம்.

முகவர் நிறுவனம் வழியாக வேலை வந்தால் ஒன்றைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கிளையன்ட் கொடுப்பதில் 15 சதவீதம் அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்றால், உங்கள் கைக்கு 220 வர கிளையன்ட் கொடுக்க வேண்டியது 253 இல்லை, சுமார் 259. அவர்கள் பங்கு உங்கள் தொகையின் மேல் இல்லை, மொத்தத் தொகையின் மேல்.

தள்ளுபடி எங்கிருந்து போகிறது

"பத்து சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்பது சின்னக் கோரிக்கை மாதிரிதான் ஒலிக்கும். 220-இல் பத்து சதவீதம் 22. 160 நாளுக்கு 3,520. கைக்காவலுக்கு ஒதுக்கியதே 2,200-தான், அது முழுக்கப் போய் மேலும் 1,320 உங்கள் சம்பளத்திலிருந்து போகிறது. காப்பீடும் கணக்காளரும் உங்களுக்குத் தள்ளுபடி தரப்போவதில்லை, அதனால் குறைக்கிற ஒவ்வொரு காசும் இந்த இரண்டு இடத்திலிருந்துதான் வரும்.

அதற்காகக் குறைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. குறைப்பதற்கு ஈடாக உங்கள் கணக்கில் எதையாவது மாற்றித் தருகிறார்களா என்று பாருங்கள். வருடம் முழுவதும் ஒரே கிளையன்டிடம் வேலை என்றால், தேடலும் மதிப்பீடும் குறைந்து பணம் வராத நாட்கள் 45-இலிருந்து 15 ஆகலாம், இடைவெளி 20-இலிருந்து 10 ஆகலாம். அப்போது கட்டண நாட்கள் 200. 35,200-ஐ 200-ஆல் வகுத்தால் 176. அதாவது அந்த வேலைக்கு 20 சதவீதம் குறைத்தாலும் உங்களுக்கு நட்டமில்லை, ஆனால் நாட்கள் எழுத்தில் உறுதியாக இருக்க வேண்டும், நிறுத்துவதென்றால் எத்தனை வாரம் முன்னறிவிப்பு என்பதும் இருக்க வேண்டும். "நிறைய வேலை வரும்" என்ற வாய்ச்சொல்லுக்கு நான் எதையும் குறைப்பதில்லை, ஏனென்றால் வராத வேலைக்கான தள்ளுபடியை வந்த வேலையில் கொடுத்துத் தோற்றிருக்கிறேன்.

சுருக்கமாக, நாட்களுக்கு ஈடாக விலையைக் குறைக்கலாம். வெறும் கேள்விக்காகக் குறைத்தால் அது உங்கள் சம்பளம்.

செலவுகள்: எதை உள்ளே வைப்பது, எதைத் தனியாகக் கேட்பது

இங்கேதான் பேச்சு அதிகமாகக் குழம்புகிறது. ஒரு வாடகைக் காரை நினைத்துக்கொள்ளுங்கள். மீட்டரில் ஓடுகிற தொகைக்குள் எரிபொருள், டயர் தேய்மானம், காப்பீடு, ஓட்டுநரின் கூலி எல்லாம் அடங்கியிருக்கும். டயருக்கு இவ்வளவு என்று அவர் தனியாகக் கேட்டால் நாம் விட மாட்டோம். ஆனால் நாம் சொன்ன வழியில் சுங்கச்சாவடி வந்தால் அந்தக் கட்டணத்தை நாம்தான் கொடுக்கிறோம், அதில் யாருக்கும் மறுப்பில்லை.

உங்கள் செலவையும் இதே கேள்வியால் பிரித்துவிடலாம்: இந்தக் கிளையன்ட் இல்லாவிட்டாலும் இந்தச் செலவு நடந்திருக்குமா? நடந்திருக்கும் என்றால் அது ஓவர்ஹெட், கட்டணத்துக்குள் ஏற்கெனவே இருக்கிறது, மறுபடி கேட்கக் கூடாது. இந்த வேலைக்காக மட்டும் நடக்கிறது என்றால், அவர் அழைத்ததால் போன பயணம், தங்கும் இடம், அவர் கேட்ட ஒரு சிறப்பு மென்பொருள் உரிமம், அது வேலைச் செலவு, இன்வாய்ஸில் தனி வரி. மூன்றாவதாக உங்கள் சொந்தச் செலவு இருக்கிறது, வேலை செய்கிற நாளில் நடந்தது என்பதற்காக அது தொழில் செலவு ஆகிவிடாது.

வேலைச் செலவை வாங்க இரண்டு வழி. ரசீதோடு ஆன செலவை அப்படியே கேட்பது ஒன்று. தினப்படி இன்னொன்று: தங்கவும் சாப்பிடவும் நாளைக்கு இவ்வளவு என்று முன்பே பேசி முடித்த தொகை, ஆன செலவு கூடினாலும் குறைந்தாலும் அதுதான். ரசீது பொறுக்குவது இரண்டு பக்கத்துக்கும் தலைவலி என்பதால் நீண்ட வேலைகளில் தினப்படி நல்லது. எது என்பதை வேலை தொடங்குவதற்கு முன்பே எழுதிவிடுங்கள், எந்தத் தொகைக்கு மேல் முன் அனுமதி வேண்டும் என்பதையும் சேர்த்து.

சில கிளையன்டுகள் எல்லாம் உள்ளடங்கிய ஒரே கட்டணம் சொல்லுங்கள் என்பார்கள். சொல்லலாம். வாரத்துக்கு ஒரு பயணம், போகவர 60 செலவு, அங்கே மூன்று நாள் வேலை என்றால் நாளைக்கு 20 ஏற்றி 240. ஆனால் இரண்டு மாதம் கழித்து "இனி வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் போதும்" என்பார்கள். அப்போதும் பயணத்துக்கு 60 ஆகும், கட்டணத்துக்குள் இருப்பது 20. ஒவ்வொரு வாரமும் 40 உங்கள் கையிலிருந்து. அதனால் உள்ளடங்கிய கட்டணம் என்றால், வாரத்துக்குக் குறைந்தது இத்தனை நாள், இந்த இடத்தில், என்ற நிபந்தனையோடு மட்டும்தான்.

சொந்த வண்டியில் போகிறவர்கள் எரிபொருளை மட்டும் கேட்டு நின்றுவிடுகிறார்கள். டயரும் சர்வீஸும், வண்டியின் விலை இறங்குவதும் ஓடிய தூரத்தோடு சேர்ந்தே வருகிற செலவுதான். அதனால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கேட்பதுதான் சரியான முறை.

பயண நேரம் வேறு விஷயம், அது செலவு இல்லை, நேரம். நான்கு மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து போன நாளில் இன்னொருவருக்கு வேலை செய்திருக்க முடியாது. பாதிக் கட்டணமாகவாவது கேட்பதா, விட்டுவிடுவதா என்பது உங்கள் முடிவு, முடிவெடுக்காமல் விடுவதுதான் தப்பு. "ஒரு நாள்" என்றால் எத்தனை மணி நேரம் என்பதையும் எழுதுங்கள். எட்டு மணி நேரம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள், அவர்கள் வேலை முடியும்வரை என்று நினைத்திருப்பார்கள்.

வரியைப் பற்றி ஒரே ஒரு விஷயம்

"அந்தச் செலவை வரியில் கழித்துக்கொள்ளலாம்" என்பதை நிறையப் பேர் இலவசம் என்று புரிந்துகொள்கிறார்கள். வரி 20 சதவீதம் என்றால், 100 செலவழித்தால் வரி 20 குறையும். மிச்சம் 80 உங்கள் பணம்தான். தேவையில்லாத பொருளை வரிக்காக வாங்கினால் 80 நட்டம். அப்புறம், சம்பளத்தில் வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தந்தார்கள், இனி முழுப் பணமும் கைக்கு வரும் என்பதால் அது முழுக்க உங்களுடையது போலத் தெரியும். வருகிற ஒவ்வொரு தொகையிலும் வரிப் பங்கை அன்றைக்கே வேறொரு வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். கிளையன்டிடம் வசூலித்த விற்பனை வரி இருந்தால் அதையும்.

பணம் வருகிற நாள்

கட்டணம் சரியாக இருந்தும் ஆள் திணறுவது இங்கேதான். மாதம் 1-ஆம் தேதி வேலை தொடங்குகிறீர்கள், மாத முடிவில் இன்வாய்ஸ், அவர்களுடைய விதி 30 நாளில் பணம். முதல் நாள் வேலைக்கான பணம் கைக்கு வர ஏறக்குறைய 60 நாள் ஆகும். அவர்கள் 15 நாள் தாமதித்தால் 75. இதற்கிடையில் அவர்களுக்காக நீங்கள் எடுத்த பயணச் சீட்டும் அறை வாடகையும் உங்கள் பணத்தில் போயிருக்கும், வட்டி இல்லாமல் நீங்கள் அவர்களுக்குக் கடன் கொடுத்த மாதிரி.

வேலையை விடுவதற்கு முன் குறைந்தது மூன்று மாத வீட்டுச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். இன்வாய்ஸை மாதத்துக்கு ஒன்றாக இல்லாமல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக அனுப்பக் கேளுங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள். பெரிய பயணச் செலவு என்றால் சீட்டை அவர்களையே எடுத்துத் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் முன்பணம் கேளுங்கள்.

அப்புறம் அந்த முதல் தொலைபேசி அழைப்பு வரும், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று. அந்த நிமிடமே எண் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை நாள் வேலை, எங்கே, பயணம் உண்டா, எத்தனை நாளில் பணம் தருவீர்கள் என்ற நான்கையும் கேட்டுக்கொண்டு, நாளை எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லுங்கள்.